ஏழு தடவை கழுவிய டப்பா

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். "நம்ம காலத்துல எதையாச்சும் வீசுனமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். தேங்காய்ச் சிரட்டை அகப்பையானது, கிழிந்த சேலை தொட்டிலானது, தொட்டிலும் கிழிந்து கரித்துணியானது என்று வரிசையாக வரும். நானும் தலையாட்டுவேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போகச் சாக்குத் தேடுவேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அறுபதைத் தாண்டியாகிவிட்டது, இனியும் சொல்லாமல் வைத்திருந்து என்ன செய்யப் போகிறேன்.

கொல்லிமலையில் இப்போது பிளாஸ்டிக் ஒழிப்பு மும்முரமாக நடக்கிறது. மலையில் எடப்புளி நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்கள் ஓடைக்கரை, பாறைச் சரிவு என்று இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் குவிக்கிறார்கள். குவித்ததும் நான் போய் நிற்பேன், ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பேன். "பெரிம்மாவுக்கு இருக்கற அக்கறைய பாருங்க, நின்னு தரம் பிரிக்கறாங்க" என்று அந்தப் பெண்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் தரம் பிரிக்கவில்லை. ஒரு நீல டப்பாவைத் தேடுகிறேன்.

போன மாதம் அதே மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். வீட்டில் குப்பை சேராமல் வாழ்ந்தவர் என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். என் தம்பி சும்மா இருப்பானா? மைக்கை வாங்கிக்கொண்டான். "எங்கக்கா சின்னப் புள்ளையிலயே ஒரு துரும்ப வீணாக்காதுங்க. கடையில பாக்கெட் போட்டு வாரதெல்லாம் பாய் எண்ணெய் மாதிரி. நம்பி வாங்கிராதீங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

பாய் எண்ணெய் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு சொலவடை. ரேஷன் அரிசியில் கல் இருந்தாலும் சொல்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் சொன்ன வயது பொய்யாகிப் போனாலும் சொல்வார்கள். யார் அந்தப் பாய், என்ன எண்ணெய் என்பது இளசுகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக அதைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

சிரிப்பு அடங்கியதும் குழுத் தலைவி ஒரு செய்தி சொன்னாள். அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில், ஓர் எண்ணெய்க் கடையில் பேசி வைத்திருக்கிறாளாம். நம் பாத்திரத்தைக் கொண்டுபோனால் ஊற்றித் தருவார்களாம், பாக்கெட்டே வேண்டாமாம். "மொதப் பாத்திரத்த நம்ம பெரிம்மா கையால கொண்டுபோவட்டும்" என்றாள். எந்தக் கடை என்று அவள் அடையாளம் சொன்னதும் நான் சால்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன்.

எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு. ஆடி நோம்பிப் பண்டிகைக்கு ஐந்து நாள் இருந்தது. மலையில் ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. காற்று சாரலைச் சுமந்துகொண்டு சுற்றும், விறகு புகையும், துணி காயாது. எங்கள் வீட்டில் எண்ணெய் வாங்குவது வருஷத்துக்கு இரண்டு தடவைதான், அதில் ஆடி நோம்பி ஒன்று. அன்று காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளியல். மதியம் சாமைச் சோற்றில் பருப்பு, அதன் மேல் பச்சையாக ஒரு கரண்டி நல்லெண்ணெய். அந்த வாசனையை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. ஊறுவதற்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா எண்ணெய் வாங்க வைத்திருந்தது ஒரு பழுப்பு நிற மருந்துப் பாட்டில். கழுத்தில் கற்றாழை நார்க் கயிறு, வாயில் துணிச்சுருள். நான் பிறக்கும் முன்பே அது வீட்டில் இருந்ததாம். எங்கள் வீட்டில் குப்பை என்று ஒன்று கிடையாது. சாம்பல் பாத்திரத்துக்கு, கழுநீர் மாட்டுக்கு, காய்கறித் தோல் எல்லாம் எருக்குழிக்கு, எருக்குழி காட்டுக்கு. பாட்டில், டப்பா மாதிரி மூடி போட்ட சாமான் ஒன்று கிடைத்தால் அது வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி. சந்தைக்குப் புறப்படும்போது அம்மா அந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்து, "தலைய வேணாலும் ஒடச்சுக்க, இத ஒடச்சுராத" என்றாள்.

போகிற வழியில் ஓடைக் கல்லில் வழுக்கினேன். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில்லுகளைப் பொறுக்கித் தாழம்புதருக்குள் போட்டுவிட்டு அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அப்பா முந்தின நாள் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் கூலிக்குப் போகும் ஆரஞ்சுத் தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம்தான். மரங்களுக்குப் புதிதாக ஏதோ பூச்சிமருந்து அடித்தார்கள். காலி டப்பாக்களை யாரும் தொடக் கூடாது, குழி தோண்டிப் புதையுங்கள் என்று மேஸ்திரி சொன்னாராம். "திருகு மூடி போட்ட டப்பாவ மண்ணுல போடறானுங்க. கீழ்நாட்டுக்காரனுக்கு எறியறதே பொழப்பு" என்று அப்பா வயிறு எரிந்தார். அம்மாவும் உச்சுக்கொட்டினாள். நல்ல சாமானைப் புதைப்பதா என்று எனக்கும் பொறுக்கவில்லை.

தோட்டத்தில் அன்று ஆள் இல்லை. குழி பாதிதான் மூடியிருந்தது. நீலமாக, பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஓடையில் வைத்து மணலைப் போட்டுக் குலுக்கினேன். காட்டுக் கொட்டாயில் அடுப்புச் சாம்பல் கிடந்தது, அதைப் போட்டுக் குலுக்கினேன். எண்ணி ஏழு தடவை கழுவினேன். மூக்கை வைத்துப் பார்த்தேன். லேசாகப் பூண்டு வாசம் மாதிரி ஒன்று இருந்தது. பூண்டு திங்கிற சாமான்தானே என்று மூடியைத் திருகினேன்.

பாய் அப்போது முப்பது வயதுக்காரர். காளப்பநாயக்கன்பட்டியில் கடை. வாரச் சந்தைக்கு லாரியில் எண்ணெய்ப் பீப்பாயும் உப்பும் கருவாடும் கொண்டுவருவார், போகும்போது மிளகு வாங்கிப் போவார். குழந்தைகள் போனால் அளவுக்கு மேல் ஒரு சுண்டு ஊற்றுவார். என் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பாட்டில் என்னாச்சு கண்ணு? புது டப்பாவா?"

"ஆமாங்க."

"ஊட்ல பூண்டு போட்டு வெச்சிருந்தாங்களா? வாசம் அடிக்குதே."

"ஆமாங்க."

அவர் சிரித்துக்கொண்டே புனலை வைத்து ஊற்றினார். இரண்டு ஆமாங்க. இரண்டாவதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஆயிரம் தடவை நினைத்திருப்பேன்.

வீட்டில் அம்மா டப்பாவைப் பார்த்ததும் பாட்டில் எங்கே என்றாள். பாய் பாட்டிலை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார் என்றேன். வாய் கூசாமல் வந்தது. அம்மா டப்பாவைத் தடவிப் பார்த்து, "டப்பாவோடவே குடுத்துட்டாராக்கும்? நல்ல மனுசன். எம் புள்ள கெட்டிக்காரி, வாங்கியாந்துட்டா பாரு" என்றாள். அம்மா லேசில் யாரையும் மெச்ச மாட்டாள். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

நோம்பியன்று தம்பிக்குத்தான் முதல் எண்ணெய். உச்சி முதல் பாதம் வரை தேய்த்து வெயில் எட்டிப்பார்த்த இடத்தில் உட்கார வைத்தாள். அப்புறம் சோற்றில் ஒரு கரண்டி, அவன் கேட்டதால் இன்னொரு கரண்டி. அவன் தட்டை நக்கிவிட்டு எழுந்தான், நாலடி போய்த் தடுமாறினான். வாயில் எச்சில் கோத்துக்கொண்டு ஒழுகியது, உடம்பு வேர்த்துக் கொட்டியது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அம்மாவும் தலைக்குத் தேய்த்திருந்தாள், அவளுக்கும் குமட்டல். அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மட்டும் இருந்தார். தம்பியின் வாயருகே குனிந்து, "பூண்டு நாத்தம் அடிக்குதே, என்ன தின்னான்?" என்று கேட்டார். பூண்டே சேர்க்கவில்லை என்று அம்மா அழுதாள். புது எண்ணெய்தான் என்றார் அப்பா. "அப்ப எண்ணெயிலதான் எவனோ என்னமோ கலந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் ஊசியைத் தேடப் போனார். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் வைத்தியத்துக்கே உதவியிருக்கும். நான் சொல்லவில்லை.

அம்மா தம்பியோடு ஆஸ்பத்திரியில் தங்கினாள். சொந்தக்காரர் ஒருவர் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்து எண்ணெயை மண்ணில் கொட்டினார். டப்பாவை எறியவில்லை. "டப்பா என்ன பாவம் பண்ணுச்சு" என்று கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் அதை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிழக்கே இருக்கும் பாறைச் சரிவுக்கு ஓடி, கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன். அது உருண்டு போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. தெரியாமல் செய்த தப்பு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள இந்த ஒன்றுதான் விடுவதில்லை. தெரியாதவள் எதற்கு டப்பாவை எறிகிறாள்?

அடுத்த நாள் அம்மா துணிமணி எடுக்க வந்தவள் டப்பாவைக் காணோம் என்று என்னை விறகுக் குச்சியால் விளாசினாள். பிள்ளை சாகக் கிடக்கிறான், இவள் டப்பாவுக்கு அடிக்கிறாளே என்று தோன்றியது. இப்போது புரிகிறது, அவளுக்கு அடிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

சந்தை நாள் வந்தது. தம்பி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பாய் விஷயத்தைக் கேள்விப்பட்டு, சந்தையை அப்படியே விட்டுவிட்டு எங்கள் ஊருக்கே நடந்து வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய வர்க்கிப் பொட்டலம், தம்பிக்கு. ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் எல்லாரும் கூடினார்கள். அதற்குள் அந்த வாரம் வயிறு வலித்தவர்கள், வலித்த மாதிரி இருந்தவர்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"ஏனுங்க பாயி, இத்தன வருசம் உங்கள நம்பித்தான வாங்குனம்" என்றார் ஊர்க்கவுண்டர்.

"அந்த எண்ணெயக் கொண்டாங்க. உங்க முன்னாடியே நான் குடிக்கறேன்" என்றார் பாய்.

கொட்டியாகிவிட்டது என்றார்கள். டப்பாவைப் பார்த்திருந்த அப்பாவும் அந்தச் சொந்தக்காரரும் தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"கண்ணு, ஒரு நீல டப்பா கொண்டாந்தியே, அது எங்க? அதுல பூண்டு வாசம் அடிச்சுதுல்ல? அதக் கொஞ்சம் கொண்டா சாமி."

அதட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"டப்பா இல்லீங்க. பாட்டில்லதான் வாங்குனேன்" என்றேன்.

அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டப்பா பாய் கொடுத்தது என்று நான் சொன்னதை நம்பியிருந்தவள் அவள். அது அவருடையதே இல்லை என்று அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிகிறது. என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத என்னால் முடியாது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பாட்டில்லதானுங்க வாங்கியாந்தா. எங்கூட்ல டப்பாவே கெடையாதுங்க" என்றாள்.

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். அவர், "சரிங்க, புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனி இந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஏற வேண்டாம் என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். பாய் வர்க்கிப் பொட்டலத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதை நாய்க்குப் போட்டார்கள். திங்கிற பண்டத்தை எறிந்து எங்கள் ஊரில் நான் பார்த்தது அன்றுதான்.

அதற்கு மறுநாள் தம்பி கண் திறந்து கஞ்சி கேட்டான். அம்மா அதற்கப்புறம் டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாகும்வரை. எண்ணெய்க்குச் சுரைக்குடுவைதான் வைத்துக்கொண்டாள். யாராவது நல்ல டப்பா என்று கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பிவிடுவாள். என்னை எதற்கும் அடித்ததும் இல்லை, கெட்டிக்காரி என்று ஒருநாளும் சொன்னதும் இல்லை.

ஐம்பது வருஷமாக மலையிலிருந்து இறங்கும் பஸ் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அவர்களுக்குக் கல்யாணம் செய்து எத்தனை தடவை போய் வந்திருப்பேன். கடை இருக்கும் பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டேன். அந்தப் பக்கம் வெயில் என்பேன், மழைநாளிலும்.

கூட்டம் முடிந்த வாரம் எவர்சில்வர் தூக்குப்போசியோடு அந்தக் கடையில் போய் நின்றேன். கல்லாவில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். பாயின் மகன் என்று முகமே சொன்னது. அவருக்குப் பக்கத்தில் பழைய மர நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. "மேல இருந்து வாரீங்களா? குழுவுல சொன்னாங்க, வாங்கம்மா" என்று போசியை வாங்கினார். மூடியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக மோந்தார். அப்புறம்தான் புனலை எடுத்தார்.

நான் பார்ப்பதைக் கவனித்து, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எங்க அத்தா பழக்குனது. யாரு பாத்திரம் கொண்டாந்தாலும் மோந்து பாக்காம ஊத்தாத, பூண்டு வாசம் அடிச்சா வேற பாத்திரத்துல ஊத்திக் குடுன்னுவாரு" என்றார்.

"எதுக்குன்னு சொன்னாருங்களா?"

"மேல ஒரு புள்ள செத்துப்போச்சும்மா. அத்தா, நான் ஊத்துன எண்ணெயால இல்ல, ஆனா நான் ஊத்தும்போதே மோந்தேன், கேட்டதோட உட்டுட்டேன், அப்படிம்பாரு. மேல இருந்து வாரவங்ககிட்ட ரொம்ப நாள் விசாரிச்சாரு. புள்ள தவறிருச்சுன்னு யாரோ சொல்லிட்டாங்க போல. அதுக்கப்புறம் யார்கிட்டயும் கேக்கலை."

புள்ள சாகவில்லை என்றேன். அதற்கு மேல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓடை, குழி, ஏழு தடவை, இரண்டு ஆமாங்க, பாட்டில். சொல்லி முடித்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் போசியை நிரப்பி, மூடி, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்தார்.

"ரெண்டு வருசம் முன்னாடி வரைக்கும் இந்தச் சேர்லதாம்மா உக்காந்திருந்தாரு" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். கடைசியில், "அம்மாளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்று சொல்லிவிடலாம், அவள்தான் போய்விட்டாளே என்று ஒரு கணம் நினைத்தேன். பழக்கம் அப்படி. "தெரியும்" என்றேன்.

மறுநாள் காலை அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினான். நானும் ஏறினேன். அவன் எனக்கு முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான். நான் கடை இருக்கும் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாய் எண்ணெய் என்று இனிமேல் சொல்லாதீர்கள், உங்கள் பேரப்பிள்ளைகள் சொன்னாலும் திருத்துங்கள். சொலவடை வேண்டும்தான் என்றால் என் டப்பாவைச் சொல்லிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடை அப்போதுதான் திறந்திருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தம்பிக்கு ஐம்பத்தாறு வயது, தலை முழுக்க நரை. உள்ளே போய், அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, "நாந்தானுங்க அந்தப் புள்ள" என்றான்.